காது வைத்த தவிட்டு மூட்டை

பார்வதியம்மாள் மூட்டைக்குள் கையை விட்டாள். ஒரு பிடி தவிட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"இந்தா, திங்கேன். நல்லாப் பாத்துக்கோ தாயி. இதுல விசம் இருந்தா நான் இப்பமே சாவணும்லா?"

தவிடு தொண்டையை அடைத்தது. இருமினாள். இருமலோடு இருமலாக இன்னொரு பிடி அள்ளப் போனவளின் மணிக்கட்டைத் தங்கமயில் எட்டிப் பிடித்தாள்.

"போதும்க்கா. நீங்க செத்துக் காட்டினா கேஸ் நிக்காது."

தாராவியில் அந்த அறையின் பாதி குடித்தனம், மீதிப் பாதி தவிடு. அடுப்பு, பாய், சாமி படம், எல்லாவற்றின் மேலும் பழுப்புப் பொடி படிந்திருந்தது. பார்வதியம்மாளின் புருஷன் பூதத்தான் தவிட்டு வியாபாரி. மில்லில் அரிசியைத் தீட்டும்போது உதிர்கிற தவிட்டை அம்பாரமாக வாங்கி வந்து, மூட்டை போட்டு, கைவண்டியில் செம்பூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் எருமைத் தொழுவங்களுக்குக் கொடுக்கிறவன். பம்பாயில் அந்தத் தொழுவங்களுக்குத் தபேலா என்று பெயர். நேற்றுச் சாயங்காலம் சீனியம்மாளின் தபேலாவில் இரண்டு எருமைகள் விழுந்து செத்தன. பூதத்தான் கொடுத்த தவிட்டில் விஷம் என்று புகார். இருட்டுவதற்குள் போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"காலையில போய்ப் பாத்தேன். வாயெல்லாம் வீங்கிக் கெடக்கு. 'விசம் வெச்சேன்னு கையெழுத்துப் போடு, அடிய நிப்பாட்டுதோம்'ங்கான். அவுகளுக்கு ஏற்கெனவே இளைப்பு. இந்தத் தூசிலயே மூச்சு வாங்குத மனுசன். இன்னொரு ராத்திரி தாங்க மாட்டாக. போட்டுருவாக தாயி. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கையெழுத்தப் போட்டுருவாக."

தங்கமயில், பி.எஸ்ஸி., அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிர் மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறாள். படியேறி வருகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்து முதலில் கேட்பது, "ஸார் இல்லையா?" என்பதுதான். ஸார் இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் அப்படியே இறங்கிவிடுவார்கள். பார்வதியம்மாள் இறங்கவில்லை. இறங்கிப் போக அவளுக்கு வேறு இடம் இல்லை.

"மூட்டை தைக்கிறது யாரு?" என்று கேட்டாள் தங்கமயில்.

"நான்தான். அவுக அள்ளிப் போடுவாக, நான் வாயத் தைப்பேன்."

சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். வாய் நெடுக ஒரே நேர்கோட்டில் கோணித் தையல்.

வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான் சுயம்பு. அவளுடைய உதவியாள். முன்பு பஸ் கண்டக்டர். டிக்கெட்டைவிட அதிகமாகப் பிரயாணிகளின் மானத்தைக் கிழித்ததால் வேலை போனது.

"அக்கா, நானும் ரெண்டு வாய் தின்னு பாக்கட்டா? ரேஷன் அரிசிச் சோத்துக்கு இது எவ்வளவோ தேவல."

"நட. செம்பூர் பஸ்ஸைப் பிடி."

* * *

பஸ்ஸில் சுயம்பு வாயை மூடவில்லை.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியல அக்கா. தவிட்டு வியாபாரி எருமைய ஏன் கொல்லணும்? எருமை செத்தா தவிடு யாருக்கு விப்பான்? பார்பர் தலைய வெட்டுன கதையால்லா இருக்கு."

"இந்தக் கேள்வி தோணறதுக்கு நீ போலீஸ்ல சேராம இருக்கணும்."

"அவன்தான் வெக்கலேன்னா, வேற எவனோ வெச்சிருக்கான்."

"வெச்சானா, வெக்கலியான்னே இன்னும் தெரியாது. செத்திருக்கு. அவ்வளவுதான் தெரியும்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சயான் தாண்டியதும் ஒரு ரேஷன் கடை. அரிசி வந்திருக்கிறது போல. வெயிலில் பெண்கள் பையும் கையுமாக வளைந்து வளைந்து நின்றார்கள். அந்த வரிசையில்தான் அவள் அம்மாவும் எங்கேயோ நின்றுகொண்டிருப்பாள். ஊருக்கு வெளியே அரிசி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஜில்லா விட்டு ஜில்லா கொண்டுவரத் தடை. சோதனைச் சாவடியில் அரிசி என்றால் பிடித்துக்கொள்வார்கள். மனுஷன் தின்கிற எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது.

* * *

தபேலா வாசலில் ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூல் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். தங்கமயிலை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு? உன் சாஹேப் எங்கே?" என்று இந்தியில் கேட்டான்.

"சாஹேப் இவங்கதான் ஜி. நான் வெறும் ஃபைல்," என்றான் சுயம்பு, அதே இந்தியில். கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழி விட்டான்.

உள்ளே கால் வைத்ததும் ஒரு வாடை. எருமைச் சாணி வாடை தெரிந்ததுதான். இது அதற்கு மேலே ஏறி நின்றது. இரண்டு நாள் மறந்துபோன தோசை மாவின் புளிப்பு.

செத்த இரண்டையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது எருமை தரையில் கிடந்தது. வயிறு உப்பி, மேளம் மாதிரி விறைத்திருந்தது. முனகியது. மற்றவை நின்றபடியே பல்லைக் கடித்துக்கொண்டு, எதையும் தின்னாமல், காதைத் தொங்கப் போட்டிருந்தன. கிடந்த எருமையின் தலையைத் தொடையில் தாங்கி உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். நாற்பது நாற்பத்தைந்து இருக்கும். கையில் சாணி காய்ந்து வெடித்திருந்தது. சீனியம்மாள்.

"யாரு நீங்க? தவிட்டுக்காரன் பொண்டாட்டி அனுப்புன ஆளா? வெளிய போங்கட்டி! வேடிக்கை பாக்கவா வந்திய?"

"டாக்டர் வந்தாரா, சீனியக்கா?"

"வந்தாரு. விசத்துக்கு மருந்து ஊத்திட்டுப் போனாரு. எந்திரிக்க மாட்டேங்கு. எங் கறுப்பி எந்திரிக்க மாட்டேங்கு..." திட்ட ஆரம்பித்த குரல் பாதியிலேயே உடைந்தது.

"நேத்து தவிடு கலக்கி வெச்சது யாரு?"

"புதுசா வேலைக்கு வந்த பையா. உத்தரப் பிரதேசத்துக்காரன். மாடு விழுந்ததும் ஓடிட்டான்."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மாட்டுங்காவுக்குப் பால் குடுக்கப் போயிருந்தேன். வந்து பாக்கேன், தொட்டிய நக்கிக்கிட்டு நிக்கி எல்லாம். போதுமா? போ!"

தங்கமயில் போகவில்லை. எருமையின் முதுகில் வெயிலுக்காக நனைத்துப் போட்டிருந்த வெறுங்கோணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தவன் அவசரக்காரன். வாய்த் தையலை நடுவில் மட்டும் அறுத்திருந்தான். இரண்டு மூலைகளும் அப்படியே இருந்தன: கோணியை முறுக்கிக் கட்டிய இரண்டு குமிழ்கள். மூட்டையின் காதுகள்.

அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். பாடப் புத்தகம் படிக்கும் முன்னால் அவள் படித்தது மூட்டைகளைத்தான். அரிசி, சர்க்கரை, சிமெண்டு போன்ற கனமான சரக்குக்குத்தான் காது வைத்துத் தைப்பார்கள். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் பிடித்துத் தூக்க. தவிடு பஞ்சு மாதிரி. ஒற்றை ஆள் முதுகில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போவான். அதற்குக் காது வைக்கிற பைத்தியக்காரன் எவனும் கிடையாது. பார்வதியம்மாளும் வைக்கவில்லை.

தபேலாவின் பின்பக்கம் வெயிலில் வரட்டி காயப் போட்டிருந்தது. முந்திய நாள்களில் தட்டியவை ஒரு பக்கம், காலையில் தட்டிய ஈர வரட்டிகள் மறுபக்கம். அங்கே சிட்டுக்குருவிகள் இரைந்தன. இரண்டு கோழிகளும் நின்றன. காய்ந்த பக்கம் ஒரு குருவி இல்லை. எல்லாம் ஈரத்தின் மேலேயே விழுந்து கொத்தின.

"ஏல சுயம்பு. குருவி சாணி திங்குமா?"

"ரேஷன்ல போட்டா திங்கும்."

தங்கமயில் குனிந்து ஒரு ஈர வரட்டியைப் பிட்டாள். உள்ளே, சாணிக்குள் சாணியாகாமல், வெள்ளை வெள்ளையாக நின்றது. விரலில் தேய்த்து நீட்டினாள்.

சுயம்பு உற்றுப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து கேலி வடிந்தது.

"அரிசி!"

"சத்தம் போடாதே. மூட்டைக்கு நடுவுல அரிசி, சுத்திலும் தவிடு. சாவடியில போலீஸ்காரன் குத்தூசிய விட்டுப் பாப்பான். தவிடுதான் கொட்டும். மாட்டுத் தீவனம், போ போன்னு விட்டுருவான். எல்லாம் சரியாப் பண்ணியிருக்காங்க. ஆனா தைக்கிற ஆளோட கை இருக்கே, அதுக்குக் கள்ளத்தனம் தெரியாது. மூட்டை கனத்ததும் பழக்க தோஷத்துல காது வெச்சிருச்சு. இங்க பையா அதைத் தவிடுன்னு நெனச்சு மொத்தத்தையும் தொட்டியில கொட்டிட்டான். அசை போடுற வயித்துக்குத் தவிடு ஆகும். அரிசிய ஒரேயடியா அவ்வளவு தின்னா உள்ளேயே புளிச்சுப் பொங்கிரும். அந்த வாடைதான் இது."

"அடப்பாவி. சயான்ல மனுசன் அரிசி இல்லாம சாவுதான். இங்க எருமை அரிசி தின்னே செத்திருக்கு." சுயம்பு தலையில் கை வைத்தான். "அப்போ எவனோ கடத்தல்காரன் மூட்டை வழி தவறி இங்க வந்து விழுந்திருக்கு. பாவம் சீனியக்கா."

"அப்படித்தான் இருக்கணும். கேனை எடுத்து அந்த மாட்டுக்குத் தண்ணி கொண்டா. நான் கான்ஸ்டபிள்கிட்ட..."

அவள் திரும்புவதற்குள் "அம்மாடி!" என்று ஒரு சத்தம். பால் கேன்கள் வைத்திருந்த மேடையருகில் சுயம்பு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மற்றக் கேன்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. ஒன்று மட்டும் மூடி போட்டு நிமிர்ந்து நின்றது.

"என்னக்கா இது, நேத்துலருந்து மடி வத்திக் கெடக்கு. கேன் மட்டும் கர்ப்பமா இருக்கே?"

மூடியைத் திறந்தாள். கழுத்துவரை அரிசி. சன்னமான, தூய வெள்ளை அரிசி. தாராவியில் இதை யாரும் பார்த்துப் பல மாதம் இருக்கும்.

தங்கமயிலுக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. மூட்டை வழி தவறவில்லை. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. தினமும் தவிடு வந்து இறங்குகிற தபேலாவில் இன்னொரு தவிட்டு லாரியை யார் கேட்பது? மாட்டுங்கா மாடிப்படிகளில் ஏறுகிற பால் கேனைத் திறந்து பார்க்கிற போலீஸ் எங்கே இருக்கிறது? இன்று காலை அந்த ஈர வரட்டிகளைத் தட்டியதும் சீனியம்மாளின் கைதான். அரிசி உள்ளங்கையில் உறுத்தியிருக்கும். அவளுக்குத் தெரியும். நேற்றே தெரியும்.

* * *

தங்கமயில் எருமையின் பக்கத்தில் போய்க் குந்தினாள். வாசலில் இருக்கிறவன் காதில் விழாதபடி கேட்டாள்.

"இதுக்கு விஷ மருந்து கேக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். இல்லையா?"

சீனியம்மாள் நிமிரவில்லை.

"வரட்டியையும் பாத்துட்டேன். கேனையும் பாத்துட்டேன்."

எருமை முனகியது. சீனியம்மாளின் விரல்கள் அதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தன.

"ராத்திரி எண்ணெய் ஊத்திப் பாத்தேன், சோடா உப்பு கரைச்சு ஊத்துனேன்," என்றாள் மெதுவாக. "கேக்கல. டாக்டரு வயித்துல குழாய் விட்டு எடுக்கணும். நேத்து அவரு வரும்போதே இந்தப் போலீசுக்காரனும் கூட வந்தான். 'என்ன தின்னுச்சு'ன்னு கேட்டாக. தவிடுன்னேன். 'யாரு தவிடு'ன்னு கேட்டாக. பேரச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். புடிச்சு அடிப்பாகன்னு எனக்கென்ன தெரியும்?"

"இப்ப தெரியும்ல?"

"அரிசின்னு சொன்னா நான் உள்ள போவேன். இதுகளுக்கு யாரு இருக்கா? எனக்குத்தான் யாரு இருக்கா?"

"சொல்லலேன்னா இது சாகும். இதுக்கு அடுத்தது சாகும். எல்லாம் செத்த பிறகு யாரைக் காப்பாத்த வாயை மூடியிருக்கப் போறீங்க? அங்க பூதத்தான் மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான். சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டான்னா, அப்புறம் நீங்களே போய்க் கத்தினாலும் அழியாது."

"நீ படிச்சவ. உனக்குப் பேச என்ன?"

"மூட்டை தூக்குறவர் மக நான். அப்பா தோள்ல ஏறுன மூட்டையிலதான் படிச்சேன். உங்க மேல எனக்கு இரக்கம் இருக்குக்கா. ஆனா அவன் மேல அடி விழுது."

எருமை கழுத்தை நீட்டியது. கால்கள் ஒருமுறை உதறி இழுத்தன. சீனியம்மாள் அலறிக்கொண்டு எழுந்தாள். சேலை நழுவியதுகூடத் தெரியாமல் வாசலுக்கு ஓடினாள்.

"அரிசி! அரிசி தின்னுச்சு! விசம் இல்ல ஹவில்தார், மேரா சாவல் காயா! எங் கேன்ல இருக்கு பாரு. டாக்டரக் கூப்பிடு! அந்தத் தவிட்டுக்காரன விடு!"

"சுயம்பு, ஓடு! டாக்டரைக் கூட்டிட்டு வா! அரிசின்னு சொல்லு!"

அவன் ஏற்கெனவே தெருவில் இருந்தான்.

முடிந்தது என்றுதான் தங்கமயில் நினைத்தாள். கான்ஸ்டபிள் டீ கிளாஸைக் கீழே வைத்தான். நிதானமாக உள்ளே வந்தான். கேனுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தான். முகர்ந்தான். அவன் கண்ணில் ஆசை வந்ததை அவள் பார்த்தாள். ரேஷன் புழுங்கலைத் தின்று தின்று சலித்துப்போன, வீட்டில் நாலு வாய் வைத்திருக்கிற ஒருவனின் ஆசை.

"இன்னும் யாருக்குத் தெரியும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

சீனியம்மாள் தங்கமயிலைப் பார்த்தாள்.

மூடியை அழுத்திச் சாத்தினான். "விஷம்னு எழுதியாச்சு. எழுதினது அப்படியே இருக்கட்டும். உனக்கும் நல்லது. ராத்திரி ஆள் வந்து கேனை எடுத்துக்கும். நீயும் போம்மா, வேலையைப் பாரு," என்றான் தங்கமயிலிடம். "யார் கேட்டாலும் நான் எதையும் பார்க்கலை."

உண்மையைக் கண்டுபிடித்தால் போதும் என்றுதான் காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை யாரிடம் கொடுப்பது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. இவள் சொல் இவன் சொல்லுக்கு எதிரே நிற்காது. ராத்திரி கேன் போய்விடும். சாயங்காலம் கையெழுத்து விழுந்துவிடும்.

தங்கமயில் சேலையை இழுத்துச் செருகினாள். இரண்டு கையாலும் கேனின் கழுத்தைப் பிடித்தாள். மேடையிலிருந்து அப்படியே வாசலுக்கு இழுத்து, படியில் உருட்டிவிட்டாள். மூடி கழன்று பறந்தது. நடுத்தெருவில் வெள்ளை வெளேரென்று அரிசி கொட்டியது.

"அரிசி!" என்று கத்தினாள். தமிழில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, அரைகுறை மராத்தியில் ஒரு தடவை. "அரிசி! வாங்க! அரிசி!"

குழாயடியிலிருந்து முதல் பெண் வந்தாள். அப்புறம் குடத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் வந்தார்கள். முறம், தட்டு, குழந்தையின் சட்டை, கையில் கிடைத்ததில் எல்லாம் அள்ளினார்கள். சாக்கடையோரம் சிதறியதையும் விடவில்லை. ஒருத்தி மண்ணோடு சேர்த்து வழித்துக்கொண்டே அழுதாள்.

"எல்லாரும் எடுத்துக்குங்க!" தங்கமயிலுக்குத் தொண்டை கட்டியது. "ஆனா எங்கேருந்து வந்துதுன்னு கேட்டா சொல்லணும்! இந்தத் தபேலாவுல இருந்த அரிசி! இதைத் தின்னுதான் மாடு செத்துது! இந்த ஹவில்தார் பாத்துக்கிட்டு நின்னாரு!"

"சொல்லுதோம்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல். வேறு மொழிகளிலும் அதுவே வந்தது.

கான்ஸ்டபிள் பயந்துபோய் விசிலை எடுத்து ஊதினான். வாழ்க்கையில் அவன் ஊதிய விசில்களிலேயே முட்டாள்தனமானது அதுதான். ரோட்டு முனையில் ரோந்து வந்துகொண்டிருந்த அவனுடைய சப்-இன்ஸ்பெக்டரே ஓடி வந்துவிட்டார். வந்தவரிடம் சீனியம்மாள், முதல் தடவை சொன்னதையே இன்னும் சத்தமாகச் சொன்னாள்.

* * *

டாக்டர் குழாயோடு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தபோதே சீனியம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். "இது தேறினாலும் தேறும். மத்ததைப் பொழைக்க வெச்சிரலாம்," என்று மட்டும் அவர் சொன்னார்.

ஸ்டேஷனில் பூதத்தானை விடுவதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. வீங்கிய வாயோடு ஒரு குற்றமற்றவனைக் கோர்ட்டில் நிறுத்த யாருக்கும் ஆசை இல்லை. பார்வதியம்மாள் அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடத்தி வந்தாள். மூச்சு விசிலடித்தது. ஒவ்வொரு படிக்கும் நின்றான்.

எதிரே, அரிசி போன வீடுகளைக் காட்டிவிட்டு, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் சீனியம்மாள் படியேறி வந்தாள்.

என்ன நடந்தது என்று பூதத்தானுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. சாட்சி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அவளைக் கண்டதும் தோளிலிருந்து கையை எடுத்தான். நேராக நிற்கப் பார்த்தான்.

"சீனியக்கா... மத்த மாடாவது தேறிட்டா?"

"டாக்டரு பாக்காரு."

"என் தவிட்டுல ஒண்ணுங் கிடையாதுக்கா. சத்தியமாக் கிடையாது."

சீனியம்மாள் அவன் உதட்டில் உறைந்திருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"தெரியும்டே," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

பூதத்தான் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினான். அடிபட்ட அந்த முகத்தில் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"பாத்தியாட்டி? யாரு நம்பலேன்னாலும் சீனியக்கா நம்பிட்டாக."

பார்வதியம்மாள் அவன் கையை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள்.